லைட்டு சுருளியின் கட்டைவிரல்

கதை நடக்க வேண்டுமென்றால் ‘ம்’ கொட்ட ஓர் ஆள் வேண்டும். இந்தக் கதைக்கு அதுவும் வேண்டாம். மலை இறக்கத்தில் நடந்த கதை, தானாகவே உருண்டு வரும்.

போடிக்கு மேலே, மேகம் வந்து வீட்டு ஓட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற உயரத்தில், தவளைக்குழி என்று ஓர் ஊர். அங்கே மிளகு விளையும், ஏலக்காய் விளையும், புத்தி மட்டும் விளையாது என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். தவளைக்குழிக்காரர்களுக்கு அதில் வருத்தமில்லை. கீழே இருப்பவர்கள் அதைக் கீழே இருந்தே சொன்னார்கள், மேலே கேட்கவில்லை.

அந்த ஊருக்கு ஒரே ஒரு ஜீப்பு. ராமுத்தாயி அக்காவுக்குச் சொந்தமானது. அக்காவுக்குப் பால்பல் விழுவதற்கு முன்னாலிருந்தே ஓடுகிற வண்டி. கதவு கிடையாது, கண்ணாடியில் பாதி கிடையாது, ஆனால் நெற்றியில் ‘மலையரசி’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும்.

ஓட்டுகிறவன் ஒச்சுக்காளை. யோசிக்கிறவர் பெருமாயன் சித்தப்பு. ஜீப்புக்கு யோசிக்கிறவர் எதற்கு என்று கேட்கக் கூடாது. சித்தப்பு ஒரு காலத்தில் டவுனில் மெக்கானிக் கடைக்கு எதிர்த்த டீக்கடையில் கிளாஸ் கழுவியவர். எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டு கழுவியதால் வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. கிளாஸ்தான் எதுவும் சுத்தமாகவில்லை.

நாலாவது ஆள் நம்ம சுருளியாண்டி. ஜீப்பில் அவனுக்கு என்ன வேலை என்றால், லைட்டு.

அதை விளக்கிச் சொல்ல வேண்டும். மலையரசிக்குப் பின்னால் ஒரு பிரேக் லைட் உண்டு. பிரேக்கை மிதித்தால் சிவப்பாக எரிய வேண்டியது. பல்பு நல்ல பல்பு, வயரும் நல்ல வயர், பெடலுக்கு மேலே இருக்கிற சின்னச் சுவிட்சுதான் எப்போதோ செத்துப்போனது. வேறு ஊராக இருந்தால் சுவிட்சைப் போட்டிருப்பார்கள். தவளைக்குழியில் ஆளைப் போட்டார்கள்.

சுருளி கையில் சிவப்புத் துண்டோடு பின்படியில் நிற்பான். ஒச்சுக்காளை பிரேக்கை மிதிக்கும்போது, “புடிச்சிட்டேன்” என்று கத்துவான். சுருளி துண்டைத் தூக்குவான். காலை எடுத்ததும், “விட்டுட்டேன்” என்பான். சுருளி துண்டை இறக்குவான். மழையோ வெயிலோ, ஒரு தடவைகூட ‘பீஸ்’ போனதில்லை.

அந்த ரோட்டில் பின்னால் எந்த வண்டியும் வராது என்பது வேறு விஷயம். ஒரே ஒரு முறை ஒரு செவலை மாடு வந்தது. சுருளி துண்டைத் தூக்கினான். மாடு நின்றுவிட்டது. அந்த மாடு அதற்கு முன்னாலும் நடுநடுவே நின்று நின்றுதான் வந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. “மாட்டுக்கே புரியுதப்பா” என்று ஊரே பேசியது.

அன்றிலிருந்து அவன் பெயர் லைட்டு சுருளி. அந்தப் பெயருக்குத்தான் அடிவாரத்து சன்னாசி தன் மகள் வெள்ளைத்தாயைக் கட்டிக்கொடுத்தார்.

சன்னாசியும் லேசுப்பட்டவர் இல்லை. சிவப்பு விளக்கு என்றால் அவருக்கு அத்தனை மரியாதை. ஒருமுறை டவுன் சிக்னல் பழுதாகி, சிவப்பு எரிந்தது எரிந்தபடியே இருந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். சன்னாசி மட்டும் தன் டிவிஎஸ்ஸில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் போலீஸ்காரர் வந்து வண்டியோடு அவரைத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட வேண்டியதாயிற்று. அப்பேர்ப்பட்ட மனுசர், “மாப்ள ஜீப்புல லைட்டா இருக்காரு” என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வண்டிக்கு எஃப்சி காட்டும் நாள், அதாவது ஓடத் தகுதி இருக்கிறதா என்று சோதிக்கும் நாள் வந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் மலையரசியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்னால் வந்து நின்று, “பிரேக்கைப் பிடி” என்றார். ஒச்சுக்காளை பிடித்தான். சுருளி துண்டைத் தூக்கினான்.

இன்ஸ்பெக்டர் துண்டைப் பார்த்தார், சுருளியைப் பார்த்தார், ராமுத்தாயியைப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“லைட்டுங்கய்யா.”

“மனுசனையெல்லாம் லைட்டாச் சேத்துக்க முடியாதும்மா. திங்கக்கிழமை வாங்க. லைட்டு எரிஞ்சா வண்டி ஓடட்டும். எரியலைன்னா இங்கயே நிக்கட்டும்.”

சுருளி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். லைட்டு எரிந்தால் அவனுக்கு வேலை போச்சு. எரியவில்லை என்றால் ஜீப்பு போச்சு. ஜீப்பு போனாலும் அவனுக்கு வேலை போச்சு. வேலை போனால் மிளகு பறிக்க ஏணி ஏற வேண்டும். அவனுக்கு இரண்டாவது படியிலேயே தலை சுற்றும். போதாததற்கு, அதே திங்கட்கிழமைதான் மாமனார் மலையேறி வருகிறார், மாப்பிள்ளை வேலை பார்க்கிற அழகைக் கண்ணாலே பார்க்க.

“அழுகாதப்பா” என்று ராமுத்தாயி ஆறுதல் சொன்னாள். “லைட்டு எரிஞ்சா நீ மட்டும் போவ. எரியலைன்னா உன்கூட நாங்களும் வந்துருவோம்.”

நால்வரும் மெக்கானிக் காஜா பாயிடம் போனார்கள். பாய் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பி, புதுச்சட்டையோடு நின்றார். புதுச் சுவிட்சை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“நான் மலைக்கு வர முடியாது. சின்ன வேலைதான், நீங்களே பாத்துக்கலாம். நல்லாக் கேட்டுக்கங்க.”

“இருங்க பாய்” என்றார் பெருமாயன். “மொத்தமாச் சொன்னா வழியில சிந்திரும். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணா வாங்கிக்கிறோம்.”

பாய் அப்படியே சொன்னார். ராமுத்தாயிக்குக் கிடைத்தது: “மொதல்ல பேட்டரி வயரைக் கழட்டிரணும்.” ஒச்சுக்காளைக்கு: “பழைய சுவிட்சைக் கழட்டிட்டு, அந்த எடத்துல புதுசை மாட்டணும்.” பெருமாயனுக்கு: “பெடல் சும்மா இருக்கையில சுவிட்சோட மூக்கு உள்ள அமுங்கியிருக்கணும். மிதிச்சா மூக்கு வெளிய வரணும். வர்ற வரைக்கும் நட்டைத் திருகணும்.” சுருளிக்கு: “ஒருத்தர் பின்னாடி நின்னு, எரியுதான்னு பாத்துச் சொல்லணும்.”

வேலை முடிந்ததும் பேட்டரி வயரைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று பாய் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

மலையேறும் வழியெல்லாம் நால்வரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வாக்கியம் விழுந்துவிடும். ஒச்சுக்காளை பிரேக் மிதித்தபோதுகூட “புடிச்சிட்டேன்” சொல்லவில்லை. சுருளி குத்துமதிப்பாகத் துண்டைத் தூக்கிக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. ராமுத்தாயி பேட்டரி வயரைக் கழற்றி, முனையில் மஞ்சள் துணியைச் சுற்றி, ஓரமாக ஒதுக்கிவைத்தாள். “என் வேலை முடிஞ்சுச்சு” என்று கையைத் துடைத்துக்கொண்டாள். ஒச்சுக்காளை பழைய சுவிட்சைக் கழற்றிப் புதியதை மாட்டினான். அன்றைக்குச் சரியாக நடந்த வேலை அது ஒன்றுதான். அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

சுருளி ஜீப்பின் பின்னால் போய் நின்றான்.

“எங்கப்பா நிக்கிற?” என்றார் பெருமாயன், பெடலுக்கு அடியில் படுத்தபடி.

“பின்னாடி சித்தப்பு.”

“இம்புட்டு ஒட்டி நின்னா அது பின்னாடி இல்ல, பக்கம். லைட்டு யாருக்கு? பின்னாடி வர்ற வண்டிக்கு. அந்த வண்டி எங்க இருக்குமோ அங்க நிக்கணும்.”

“நம்ம ரோட்டுலதான் பின்னாடி வண்டியே வராதே சித்தப்பு.”

“சரி. எவ்வளவு தூரத்துல வராம இருக்கும்?”

சுருளி நன்றாக யோசித்தான். “ரொம்பத் தூரத்துல.”

“அங்க போயி நில்லு.”

சுருளி நடந்தான். முதல் வளைவு தாண்டினான், ஓடைப் பாலம் தாண்டினான், அடுத்த வளைவில் போய் நின்றான். அங்கே கண்ணுக்கெட்டிய வரைக்கும் வண்டி எதுவும் வராமல் இருந்தது. சரியான இடம்தான் என்று மனசுக்குத் தைரியம் வந்தது. ஜீப்பைத்தான் பார்க்க முடியவில்லை.

கூப்பிட்டால் கேட்காது என்பதால் ராமுத்தாயி நடுவில் பாலத்தில் நின்றாள். அங்கே ஒச்சுக்காளை பெடலை மிதித்துக் குரல் கொடுத்தான். ராமுத்தாயி இந்தப் பக்கம் திரும்பினாள்.

“சுருளி, எரியுதா?”

“என்னதுக்கா?”

“லைட்டுப்பா.”

“எங்க?”

“ஜீப்புல.”

“எந்த ஜீப்பு?”

“நம்ம ஜீப்பு.”

“அது இங்க தெரியலையேக்கா.”

ராமுத்தாயி அந்தப் பக்கம் திரும்பினாள். “தெரியலையாம்.”

“தெரியலைன்னா மூக்கு இன்னும் வெளிய வரணும்னு அர்த்தம்” என்று பெருமாயன் நட்டைத் திருகினார். மறுபடி மிதித்தார்கள், மறுபடி கேட்டார்கள். மறுபடி தெரியவில்லை. அவர் மறுபடி திருகினார்.

சுருளியின் நிலைமையைத்தான் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை “தெரியலை” என்று சொல்லும்போதும், அப்பாடா, வேலை தப்பித்தது என்று ஒரு சந்தோஷம் வரும். உடனே ஜீப்பு போய்விடுமே என்று பயம் வரும். வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கலாம். எரிகிறது என்று பொய் சொன்னால் லாபமா, எரியவில்லை என்று பொய் சொன்னால் லாபமா என்பது கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. அதனால் உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தான்.

உச்சி வெயில் நேரத்தில் பெருமாயன் ஒரு பெரிய சத்தம் போட்டார். எல்லாரும் ஓடினார்கள். சித்தப்பு மல்லாந்து கிடந்தார். அவர் கையில் சுவிட்சு, மூக்கு, நட்டு எல்லாம் முழுசாகக் கழன்று வந்திருந்தது. வயர் மட்டும் தொப்புள்கொடி மாதிரி தொங்கியது.

“மூக்கு வெளிய வந்துருச்சு” என்றார் திருப்தியாக.

“சுவிட்சே வெளிய வந்துருச்சே சித்தப்பு” என்றான் ஒச்சுக்காளை.

“மூக்கு மட்டும் தனியா எப்படிப்பா வரும்? மூஞ்சியோடதான் வரும்.”



“நீ அதைத் திரும்ப அங்கயே மாட்டிரு” என்று ராமுத்தாயி ஒச்சுக்காளையிடம் சொன்னாள்.

“எனக்குச் சொன்னது ஒருக்கா மாட்டணும்னுதான். மாட்டிட்டேன். ரெண்டாவது தடவைக்குப் பாய் சொல்லலைக்கா.”

நால்வரும் ஜீப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள். சுவிட்சு கையோடு வந்துவிட்டது. கையோடு வந்ததைக் கையிலேயே வைத்துக்கொள்வதுதான் முறை. யார் கையில்?

“லைட்டு சம்பந்தப்பட்டது” என்றார் பெருமாயன். “லைட்டு கையிலதான் இருக்கணும்.”

எல்லாரும் சுருளியைப் பார்த்தார்கள். சுருளிக்குக் கண் கலங்கியது.

சுருளி நிற்பது பின்படியில். சுவிட்சு வயரோ முன்சீட்டைத் தாண்டி எட்டாது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாங்கிய மைக்செட் வயர் ராமுத்தாயி வீட்டில் இருந்தது. ஊர் முழுக்க ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிற நீளம், பெரிய சுருள். தேவைப்பட்டதோ முழக் கணக்கில் கொஞ்சம். ஆனால் கோயில் வயரை வெட்டுவது பாவம் என்பதால் சுருளை முழுசாகவே இணைத்து ஜீப்பின் நடுவில் போட்டார்கள். மிளகு மூட்டைக்கான இடம் போச்சு, பாவம் வரவில்லை.

இப்போது வேலை சுலபம். மூக்கைச் சுருளி கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். “புடிச்சிட்டேன்” என்றதும் விரலை எடுக்க வேண்டும், மூக்கு வெளியே வரும். “விட்டுட்டேன்” என்றதும் திரும்ப அமுக்க வேண்டும். பாய் சொன்னபடியே மூக்கு வந்தது, போனது. சுருளி எட்டிப் பார்த்தான். லைட்டுதான் எரியவில்லை.

“நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு” என்றார் பெருமாயன். “லைட்டுக்குத்தான் மனசு வரலை.”

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

திங்கட்கிழமை காலையில் துக்க வீட்டுக்குக் கிளம்புவது போல ஜீப்பில் ஏறினார்கள். தவளைக்குழியில் ஒரு வழக்கம் உண்டு. டேப்பில் கருப்பசாமி பாட்டைப் போடாமல் வண்டியை இறக்கத்தில் விடமாட்டார்கள். ஒச்சுக்காளை டேப்பை அமுக்கினான். சத்தமே இல்லை.

“பாட்டு வரலைக்கா.”

“பாட்டு வராம வண்டி எடுக்கக் கூடாது” என்ற ராமுத்தாயி கொஞ்சம் யோசித்தாள். “டேப்பு பேட்டரியிலதான ஓடுது? பாய் வயரைக் கழட்டச் சொன்னது லைட்டுக்கு. பாட்டுக்குக் கழட்டச் சொல்லலையே.”

இறங்கிப் போய், மஞ்சள் துணியைப் பிரித்து, வயரை மாட்டினாள். டேப்பில் உடுக்கை முழங்கியது. அதே நொடியில் பின்னால் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. சுருளி இன்னும் மூக்கில் விரலை வைத்திருக்கவில்லை.

நால்வரும் பின்னால் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

“இம்புட்டு நாளும் நாம ஒரு லைட்டுக்குப் பாட்டுப் போடாம விட்டுட்டோமே” என்று பெருமாயன் தழுதழுத்தார்.

“தெனமும் போட்டமே சித்தப்பு?” என்றான் ஒச்சுக்காளை.

“வண்டிக்குப் போட்டோம். லைட்டுக்குன்னு நினைச்சுப் போட்டமா?”

சுருளி மூக்கை அமுக்கினான், லைட்டு அணைந்தது. விரலை எடுத்தான், எரிந்தது. அமுக்கினான், எடுத்தான். மனிதன் பிறந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அவனுக்கு அப்போது தோன்றியது.

கீழே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்படிக்குப் பக்கத்தில், துண்டை மடியில் போட்டு, அதற்கடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்த சுருளியை அடையாளம் கண்டுகொண்டார்.

“போன தடவை துண்டு காட்டினவர்தானே நீ? இப்ப என்ன வேலை?”

“சும்மா உக்காந்திருக்கேங்கய்யா” என்றான் சுருளி. விரல் மூக்கை விடவில்லை.

“அதான் நல்லது. பாட்டை நிறுத்துங்கப்பா.”

நால்வர் முகமும் வெளுத்துவிட்டது. பாட்டு இல்லாமல் லைட்டு எப்படி எரியும்? ஒச்சுக்காளை டேப்பை நிறுத்தினான். அடுத்த மூச்சில் பெருமாயன் கண்ணை மூடிக்கொண்டு, கருப்பசாமி பாட்டைத் தன் சொந்தக் குரலில் மெதுவாக எடுத்துவிட்டார்.

“இவருக்கு என்னம்மா?”

“பக்திங்கய்யா.”

இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. பின்னால் நின்று, “பிரேக்கைப் பிடி” என்றார். சுருளி விரலை எடுத்தான். லைட்டு எரிந்தது. “விடு.” அமுக்கினான். அணைந்தது. “பிடி.” எரிந்தது.

இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் வியப்பு. ஒச்சுக்காளை காலைத் தூக்கிப் பெடலில் வைப்பதற்கு முன்னாலேயே லைட்டு எரிந்துவிடுகிறது.

“நல்ல சுவிட்சுப்பா” என்றார். “எங்க வாங்குனீங்க?”

“எங்க ஊரு ஆளுங்கய்யா” என்றாள் ராமுத்தாயி. இன்ஸ்பெக்டர் கடைக்காரரைச் சொல்கிறாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

திரும்பி மலையேறும்போது சுருளிக்குத் தரையில் கால் பாவவில்லை. பின்படியில்தான் நின்றான் என்றாலும் அப்படித்தான் இருந்தது. கட்டைவிரல் மூக்கை அமுக்கியபடி, காது ஒச்சுக்காளையின் குரலுக்காகக் காத்தபடி. அப்போதுதான் பாதி மலையில், பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

பட்பட்பட் என்று ஒரு டிவிஎஸ். அந்த ரோட்டின் சரித்திரத்திலேயே மலையரசிக்குப் பின்னால் வருகிற முதல் வண்டி. ஓட்டி வருகிறவர் மாமனார் சன்னாசி.

மாமனாரைப் பார்த்தால் மாப்பிள்ளை என்ன செய்ய வேண்டும்? கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒரு கையால் கும்பிட்டால் மரியாதை இல்லை. சுருளி இடுப்பைப் படிக்கம்பியில் சாய்த்து, சுவிட்சைத் தொங்கவிட்டு, இரண்டு கையும் கூப்பினான்.

மூக்கு வெளியே வந்தது. லைட்டு எரிந்தது. சன்னாசி சடக்கென்று வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

ஜீப்பு நிற்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. மாமனார் கண்ணில் தெரிகிற வரைக்கும் கையை இறக்கலாமா? இறக்கக் கூடாது. சுருளி கூப்பிய கையோடு, சிவப்பு எரிய எரிய, வளைவு திரும்பி மறைந்தான்.

ஊர் வந்ததும் வெள்ளைத்தாய் ஓடி வந்தாள். “அப்பா எங்க?”

“வந்துக்கிட்டிருந்தாரு. கும்பிட்டேன். நின்னுட்டாரு.”

“எங்க?”

“பாதி மலையில.”

மறுபடி ஜீப்பைச் சுற்றி ஆலோசனை. பெருமாயன்தான் வழி கண்டுபிடித்தார். “முதுகைக் காட்டித்தான் நிறுத்துனோம். முதுகைக் காட்டித்தான் போகச் சொல்லணும். முன்னாடி மூஞ்சியக் காட்டிப் போய் நின்னா அவருக்கு என்ன புரியும்?”

ஆகவே மலையரசி, வெள்ளைத்தாயையும் ஏற்றிக்கொண்டு, மலையிலிருந்து ரிவர்ஸிலேயே இறங்கியது. பெருமாயன் பாடிக்கொண்டே வந்தார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அதே இடத்தில், ஊன்றிய கால் ஊன்றியபடி, சன்னாசி நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் மாமா நின்னுட்டீக?”

“சிவப்பு எரிஞ்சுச்சுல்ல மாப்ள.”

“நாங்கதான் போயிட்டோமே.”

“வண்டி போயிருச்சு. சிவப்பு அணைஞ்சதை நான் பாக்கலையே. எரிஞ்சுக்கிட்டேல்ல போச்சு.” சொல்லிவிட்டு மகளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். “எப்பேர்ப்பட்ட லைட்டுத்தா உன் புருசன். எனக்குக் கால் மரத்தேபோச்சு.”

சுருளி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வெட்கத்தில் விரல் மூக்கை அமுக்கிவிட்டதால், அதுவரை எரிந்த லைட்டு அணைந்தது. சன்னாசி உடனே வண்டியைக் கிளப்பினார். ஜீப்பு பின்னால் நகர்ந்து அவர்மேல் மோதப் பார்த்ததால் ஒச்சுக்காளை, “புடிச்சிட்டேன்” என்றான். லைட்டு எரிந்தது. சன்னாசி நின்றார். “விட்டுட்டேன்.” அவர் கிளம்பினார். “புடிச்சிட்டேன்.” அவர் நின்றார்.

“இது இப்படியே போனா அப்பாவுக்குப் பெட்ரோல் தீந்துரும்” என்றாள் வெள்ளைத்தாய்.

“பின்னாடி வர்றவங்களுக்குத்தானே லைட்டு” என்றார் பெருமாயன். “முன்னாடி போயிட்டா?”

டயருக்கு அடியில் கல்லைப் போட்டு, பிரேக்கை விட்டு, லைட்டை அணைத்து, சன்னாசியை முன்னால் போக விட்டார்கள். எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் பெருமாயன் டிவிஎஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, இதுல பிரேக் லைட் எரியுமா?”

“அது எங்க எரியுது.”

“அப்ப நீங்க பிரேக் புடிச்சா, பின்னாடி வர்ற எங்களுக்கு எப்படித் தெரியும்?”

எல்லாரும் சுருளியைப் பார்த்தார்கள்.

இப்படியாக அன்றைக்குச் சாயந்தரம் தவளைக்குழி மலையில் ஓர் ஊர்வலம் ஏறியது. முன்னால் சன்னாசியின் டிவிஎஸ். அதன் பின்சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தபடி லைட்டு சுருளி, ஒரு கையில் சிவப்புத் துண்டு, மறுகையில் ஜீப்பின் சுவிட்சு. சுவிட்சிலிருந்து கோயில் மைக்செட் வயர் காற்றில் நீண்டு மலையரசிக்குள் போனது. அதற்குள் இருந்த வெள்ளைத்தாய் சுருளை அவிழ்த்து விட்டுக்கொண்டே, ரெண்டு வண்டிக்கு ஒரே லைட்டு என் புருசன் என்று ராமுத்தாயியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வளைவு வரும். சன்னாசி, “புடிச்சிட்டேன் மாப்ள” என்பார். சுருளி துண்டைத் தூக்குவான். துண்டைப் பார்த்து ஒச்சுக்காளை பிரேக்கை மிதித்து, “புடிச்சிட்டேன்” என்று கத்துவான். அதைக் கேட்டுச் சுருளி கட்டைவிரலை எடுப்பான். ஜீப்புக்குப் பின்னால் சிவப்பாக எரியும்.

அங்கே அந்தச் செவலை மாடு வந்துகொண்டிருந்தது. நின்றது.